டெண்டர் என்னும் துணைக்கலம்

'டெண்டர்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் ஊராட்சி உறுப்பினர்களின் மனத்தில் தோன்றுவது முத்திரையிட்ட ஓர் உறையாகும். சாலை போடவும், கிணறு வெட்டவும், பள்ளிக் கட்டடம் எழுப்பவும் ஒப்பந்தக்காரர்கள் தம் விலையைக் குறித்து அளிக்கும் தாளையே நாம் அச்சொல்லால் வழங்குகிறோம். ஒப்பந்தப்புள்ளி என்று அதற்கு நல்ல தமிழ்ப் பெயரும் அமைந்துவிட்டது. அதனை ஒளிவுமறைவின்றி நடத்துவதற்கென 1998ஆம் ஆண்டில் நமது மாநிலத்தில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

ஆனால், அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்திற்குச் சென்று, அங்கு நிற்கும் செந்நிற வண்டியின் பெயர் யாது என்று வினவிப் பாருங்கள். 'வாட்டர் டெண்டர்' என்று விடை கிடைக்கும். நீராவி ரயில் ஓடிய காலத்தில் எஞ்சினை ஓட்டிய முதியவர் ஒருவரைக் கேட்டால், எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து சென்ற வண்டியை டெண்டர் என்பார். கப்பலோட்டியைக் கேட்டாலோ, பெருங்கப்பலுக்கு உணவும் நீரும் ஆட்களும் கொண்டு செல்லும் சிறு கலத்தையே அவர் அப்பெயரால் சுட்டுவார். விலை எழுதிய தாளுக்கும், தண்ணீர் வண்டிக்கும், கடலில் செல்லும் கலத்திற்கும் ஒரே பெயர் வாய்த்தது எங்ஙனம்? இவற்றுள் பின்னைய இரண்டின் கதையும் கடலிலே தொடங்குகின்றது. அதனை அறிந்துகொள்வது வெறும் சொல்லாராய்ச்சியாக முடியாமல், ஊராட்சிப் பணிக்கும் துணைசெய்யும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சொல் பிறந்த வகை

அலுவலகங்களில் பணிபுரியும் 'அட்டெண்டர்' என்பவரை நாம் அனைவரும் அறிவோம். ஒருவர் பக்கத்தில் இருந்து, அவருக்கு வேண்டியதை வேண்டிய நேரத்தில் கவனித்துச் செய்பவர் என்பதே அச்சொல்லின் பொருள். இச்சொல்லின் முன்னெழுத்துத் தேய்ந்தபோது ஆங்கிலத்தில் 'டெண்டர்' என்று நின்றது. பக்கத்தில் இருந்து கவனிக்கும் கலத்திற்கு ஆங்கிலேய மாலுமிகள் இப்பெயரை 17ஆம் நூற்றாண்டிலேயே இட்டு வழங்கினர். ஆகவே, கப்பல் உலகின் டெண்டர் என்பது கப்பலுக்கு அமைந்த அட்டெண்டர் என்று கொண்டால் பிழையில்லை.

விலை எழுதிய டெண்டரோ வேறு வழியில் வந்தது. அது பிரெஞ்சு மொழியில் 'நீட்டு', 'முன்வைத்துக் கொடு' என்னும் பொருளுடைய சொல்லின் வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. இவ்விரண்டு சொற்களும் சற்று மேலே சென்று பார்த்தால் ஒரே தாயின் மக்களாகும். லத்தீன் மொழியில் 'நீட்டுதல்' என்னும் பொருள்படும் வினையே இரண்டிற்கும் வேர். ஒன்றில் நீட்டப்படுவது விலை. மற்றொன்றில் நீட்டப்படுவது கவனம். ஒருவர் பால் தம் மனத்தை நீட்டி வைத்திருப்பவரே கவனிப்பவர் அல்லவா?

மூன்றாவதாக ஒரு டெண்டரும் உண்டு. இளகியது, மென்மையானது என்னும் பொருளுடைய அச்சொல் வேறு வழியில் வந்தது. சிறு காற்றுக்கும் எளிதில் சாய்ந்து, நிமிர்வதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும் கப்பலை மாலுமிகள் அச்சொல்லால் குறிப்பர். கப்பல் நூல்களைப் படிப்போர் இதனைத் துணைக்கலத்துடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது. இக்கட்டுரையில் கலமாகிய டெண்டரைத் 'துணைக்கலம்' என்றே குறிப்பிடுவோம்.

துணைக்கலம் ஏன் வேண்டும்?

பெரிய கப்பல் எங்கும் செல்லக்கூடியது என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதற்கு மாறானது. கப்பல் பெரிதாகப் பெரிதாக அது நீரில் அமிழும் ஆழமும் மிகுகின்றது. ஆழமற்ற கரையை அது அணுக முடியாது, அணுகினால் தரைதட்டும். துறைமுகம் இல்லாத இடத்தில் அது தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்க வேண்டும். கரையில் மலைபோல் உணவு குவிந்திருப்பினும், இடைப்பட்ட நீரைக் கடந்து அதனைக் கொணரச் சிறு கலம் இல்லையேல், கப்பலில் இருப்பவர்கள் பட்டினி கிடக்க நேரும்.

நமது கரையிலும் இந்நிலை இருந்ததை முதியோர் அறிவர். சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்னர், கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. கரையில் மோதும் அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கியவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகள் ஆணி அடிக்கப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. ஆகவே அலை அடித்தபோது அவை உடையாமல் நெகிழ்ந்து கொடுத்தன. தூத்துக்குடியிலும் கடல் ஆழமற்றதாகையால், பெருங்கப்பல்கள் கரையிலிருந்து பல மைல் தள்ளியே நின்றன. சரக்கைத் தோணிகளே சுமந்தன. 1974ஆம் ஆண்டில் ஆழ்கடல் துறைமுகம் செயற்படத் தொடங்கிய பின்னரே பெருங்கப்பல்கள் அங்குக் கரை சேர்ந்தன.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். தூத்துக்குடித் தோணி போன்று, நிற்கும் கப்பலின் சரக்கை இறக்கி அதன் சுமையைக் குறைக்கும் கலத்தை 'லைட்டர்' என்பர். அது எந்தக் கப்பல் வந்தாலும் கூலிக்குச் சுமக்கும். பண்டகக் கப்பல் என்பது பெருமளவு உணவும் கருவிகளும் நிரப்பிக்கொண்டு நெடுந்தூரம் செல்லும் கிடங்கு போன்றது. துணைக்கலமோ குறிப்பிட்ட ஒரு கப்பலுக்கோ, ஒரு படைக்கோ, ஒரு நிலையத்திற்கோ உரியது. அதன் தேவைகளை அறிந்து, அது அனுப்பும் இடமெல்லாம் சென்று வருவது. பிரிட்டிஷ் கடற்படையில் இவ்வுறவு கணக்கேட்டிலும் இடம்பெற்றிருந்தது. துணைக்கலத்தில் பணிபுரிந்தோரின் பெயர்கள் பல சமயங்களில் தாய்க் கப்பலின் பதிவேட்டிலேயே எழுதப்பட்டிருந்தன. தாய்க் கிராமத்தின் கணக்கில் குக்கிராமம் அடங்கியிருப்பதைப் போன்றதே இது.

ஒரு சிறு கலத்தை நம்பி நின்ற ஊர்

துணைக்கலத்தின் அருமையை உணர்த்தும் வரலாறு ஒன்று உண்டு. 1787ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் இங்கிலாந்திலிருந்து 11 கப்பல்கள் ஆஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்டன. அவற்றுள் 6 கப்பல்கள் தண்டனை பெற்ற கைதிகளை ஏற்றியவை. 3 கப்பல்கள் பண்டகக் கப்பல்கள். எஞ்சிய இரண்டும் கடற்படைக்கு உரியவை. கடற்படைக் கப்பல்களுள் பெரியது 'சிரியஸ்'. சிறியதன் பெயர் 'சப்ளை'. பெயருக்கேற்ப அது சிரியஸ் கப்பலின் ஆயுதம் தாங்கிய துணைக்கலமாக அமர்த்தப்பட்டிருந்தது. நீளம் ஏறத்தாழ 70 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 170 டன். அந்த 11 கப்பல்களுள் மிகச் சிறியது அதுவே.

1788ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் ஆளுநர் ஆர்தர் பிலிப் தலைமையில் சிட்னித் துறையில் குடியேற்றம் நிறுவப்பட்டது. அந்நிலம் தொன்றுதொட்டு அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களுக்கு உரியது. வந்தவர்கள் அம்மண்ணின் இயல்பை அறியார். அவர்களுள் உழவறிந்தோரும் மிகச் சிலர். விதைத்தவை சரியாக விளையவில்லை. கப்பலில் கொண்டுவந்த மாவும் உப்பிட்ட இறைச்சியும் அரிசியும் நாளுக்கு நாள் குறைந்து வந்தன. 1788 அக்டோபரில் சிரியஸ் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்கு அனுப்பப்பட்டு, 1789 மே மாதத்தில் மாவுடன் திரும்பியது. அதுவும் நெடுநாளைக்குப் போதவில்லை.

இங்கிலாந்து அரசாங்கம் 'கார்டியன்' என்னும் பண்டகக் கப்பலை அனுப்பியது. அக்கப்பல் 1789 டிசம்பர் 24ஆம் நாள் தென்கடலில் மிதந்துகொண்டிருந்த பனிப்பாறையில் மோதிச் சிதைந்தது. இச்செய்தி சிட்னியில் இருந்தோருக்குத் தெரியாது. அவர்கள் நாள்தோறும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தனர்.

பண்டகசாலையின் சுமையைக் குறைக்க எண்ணிய ஆளுநர், 1790 மார்ச்சில் ஒரு பகுதி மக்களைச் சிரியஸ், சப்ளை ஆகிய இரு கப்பல்களிலும் ஏற்றி நார்போக் தீவுக்கு அனுப்பினார். மார்ச் 19ஆம் நாள் சிரியஸ் அத்தீவின் பாறைகளில் மோதி உடைந்தது. மக்கள் உயிர் பிழைத்தனர், கப்பல் போயிற்று. ஏப்ரல் தொடக்கத்தில் சப்ளை மட்டும் தனியே திரும்பி வந்து இத்துயரச் செய்தியைச் சொல்லிற்று. அன்று சிட்னிக்கும் நார்போக் தீவுக்கும் சேர்த்து எஞ்சியிருந்த கப்பல் அந்தச் சிறு துணைக்கலம் ஒன்றே.

இந்நிலையில் ஆளுநர் பிலிப் இரண்டு செயல்களைச் செய்தார். முதலாவதாக, உணவுப் பங்கீட்டைக் குறைத்தார். குறைத்த பங்கினை அதிகாரி, படைவீரர், கைதி என்னும் வேற்றுமையின்றி ஒரே அளவாக வைத்தார். தமக்கென வைத்திருந்த சுமார் 3 ஹண்டிரட்வெயிட் மாவினையும், அதாவது ஏறத்தாழ 150 கிலோவை, பொதுப் பண்டகசாலையில் சேர்த்துவிட்டார். பொதுச் சாலையிலிருந்து எல்லோருக்கும் கிடைப்பதற்கு மேல் தம் மேசையில் எதுவும் இருத்தல் கூடாது என்பது அவர் கொள்கை. ஊரின் படகுகள் அனைத்தும் மீன்பிடிப்பதற்காகப் பொதுவில் எடுத்துக்கொள்ளப்பட்டன.

இரண்டாவதாக, எஞ்சியிருந்த ஒரே கலமாகிய சப்ளையை ஏப்ரல் 17ஆம் நாள் படேவியாவுக்கு அனுப்பினார். இன்றைய ஜகார்த்தாவே அக்காலத்துப் படேவியா. உணவு வாங்கி வரவும், மேலும் உணவு ஏற்றி வருவதற்குப் பெரிய கப்பல் ஒன்றை வாடகைக்கு அமர்த்தவும் அதன் தலைவர் லெப்டினன்ட் பால் பணிக்கப்பட்டார். அக்கலம் சென்ற பின்னர், வெளியுலகோடு ஊரை இணைக்கும் வழி வேறொன்றும் இருக்கவில்லை. அது புயலில் மூழ்கியிருப்பின், மூழ்கியதை அறிவிப்பதற்கும் ஆள் இல்லை.

ஜூன் மாதத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பல்கள் வரத் தொடங்கின. அவற்றுள் ஒன்றாகிய 'ஜஸ்டினியன்' உணவுப் பண்டங்களுடன் வந்து சேர்ந்தது. கொடும் பசி தணிந்தது. ஆயினும் அவ்வாண்டில் வந்த கப்பல்கள் உணவோடு நூற்றுக்கணக்கான புதிய வாய்களையும் நோயாளிகளையும் கொண்டுவந்தன. ஆகவே அக்டோபர் 19ஆம் நாள் சப்ளை படேவியாவிலிருந்து திரும்பியபோது அது கொணர்ந்த உணவும் தேவையாகவே இருந்தது. அது வாடகைக்கு அமர்த்திய டச்சுக் கப்பலும் டிசம்பர் 17ஆம் நாள் வந்து சேர்ந்தது.

இவ்வரலாற்றில் நாம் கருதத்தக்கது ஒன்று. பெரிய கப்பல் உடைந்தது. பெரும் பண்டகக் கப்பல் பனிப்பாறையில் சிதைந்தது. அனைத்திலும் சிறிய துணைக்கலம் தன் கடமையை முடித்தது. ஆனால் துணைக்கலம் மட்டும் இருந்தால் போதாது. படேவியாவில் உணவு இருந்தது. அது வந்து சேரும் வரை உள்ளதை நேர்மையாகப் பங்கிட ஊரில் ஒழுங்கும் இருந்தது. மூலம், கொணரும் கலம், பங்கிடும் முறை ஆகிய மூன்றும் சேர்ந்தே வழங்கல் என்பது அமைகின்றது. இம்மூன்றுள் ஒன்று குறையினும் மற்ற இரண்டும் பயன்படா.

பெருங்கப்பலும் சிறு துணையும்

அடுத்து, பயணிகளைச் சுமந்த துணைக்கலங்களைக் காண்போம். 1912ஆம் ஆண்டு ஏப்ரலில் 'டைட்டானிக்' தன் முதற்பயணத்தைத் தொடங்கியபோது, உலகில் அதனினும் பெரிய கப்பல் இல்லை. அது பிரான்சு நாட்டின் செர்பூர் துறையை ஏப்ரல் 10ஆம் நாள் மாலை அடைந்தது. அத்துணைப் பெரிய கப்பலைக் கரையோடு அணைத்து நிறுத்த அங்கு மேடை இல்லை. எனவே அது துறையில் நங்கூரமிட்டு நிற்க, 'நோமாடிக்', 'டிராபிக்' என்னும் இரண்டு துணைக்கலங்கள் பயணிகளையும் அஞ்சல் மூட்டைகளையும் கரையிலிருந்து கொண்டு சென்றன. அவ்விரு கலங்களும் இப்பணிக்கென்றே 1911ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் கட்டப்பட்டவை. மறுநாள் அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் துறையிலும் 'அயர்லாந்து', 'அமெரிக்கா' என்னும் பெயருடைய இரண்டு துணைக்கலங்கள் அதே பணியைச் செய்தன.

டைட்டானிக் ஏப்ரல் 15ஆம் நாள் அட்லாண்டிக் கடலில் மூழ்கியது. நோமாடிக்கோ இரண்டு உலகப் போர்களிலும் பணியாற்றி, 1968 வரையில் பெருங்கப்பல்களுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்றது. பின்னர் பல ஆண்டுகள் பாரிஸ் நகரில் சீன் ஆற்றங்கரையில் உணவகமாக நின்றது. 2006ஆம் ஆண்டில் அது மீட்கப்பட்டுப் பெல்பாஸ்டுக்கே கொண்டு செல்லப்பட்டு, பழைய வடிவில் செப்பனிடப்பட்டது. ஊரார் பெயரளவில் அறிந்த பெருங்கப்பல் கடலடியில் கிடக்க, யாரும் பெரிதாகப் பேசாத துணைக்கலம் மக்கள் கண்டு செல்லும் பொருளாக நிற்கின்றது.

துணை பெரிதாதலும் உண்டு

துணைக்கலம் என்றால் சிறியதாகவே இருக்க வேண்டும் என்று நினைத்தல் வேண்டா. நீர்மூழ்கிக் கப்பலை எடுத்துக்கொள்வோம். அதனுள் இடம் மிகக் குறைவு. பழுது பார்க்கும் பட்டறையோ, உணவுக் கிடங்கோ, மருத்துவமனையோ அதில் அமைக்க இயலாது. ஆகவே இவை அனைத்தையும் தாங்கிய பெரிய துணைக்கலம் அதற்குத் தேவைப்படுகின்றது. எரிபொருள், உதிரி உறுப்புகள், உணவு, டார்பீடோ ஆகியவற்றை வழங்குவதோடு, நெடும்பயணத்தால் களைத்த மாலுமிகள் தங்கி இளைப்பாறவும் அது இடமளிக்கும்.

நம் நாட்டின் முதல் நீர்மூழ்கிக் கப்பலாகிய 'கல்வரி' 1967 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்தது. அடுத்த ஆண்டிலேயே, சோவியத் நாட்டிலிருந்து வாங்கப்பட்ட 'அம்பா' என்னும் துணைக்கலமும் கடற்படையில் சேர்க்கப்பட்டது. தான் பேணிய ஒரு நீர்மூழ்கியைப் போல் மூன்று மடங்குக்குக் குறையாத எடையுடைய அக்கப்பல், 2006ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றது. தாய் பெரியவள், குழந்தை சிறியது; எனினும் குழந்தைக்குப் பணிசெய்பவள் தாயே. அளவினால் அமையாமல், யார் யாருக்குப் பணி செய்கிறார் என்பதனாலேயே 'டெண்டர்' என்னும் பெயர் அமைகின்றது.

கலங்கரை விளக்கங்களுக்கும் துணைக்கலங்கள் உண்டு. நடுக்கடற் பாறையில் விளக்கேற்றிக் காத்திருந்த காவலர்களுக்கு எண்ணெய், குடிநீர், உணவு, கடிதம் அனைத்தையும் அவையே கொண்டு சென்றன. காவலர்களை மாற்றி அழைத்து வந்தவையும் அவையே. இந்தியாவில் 'சாகர்தீப்' என்னும் பெயருடைய கப்பல்கள் இப்பணியைச் செய்து வந்துள்ளன. இங்கிலாந்தில் 1998ஆம் ஆண்டோடு எல்லா விளக்கங்களும் தாமே இயங்குபவையாகிவிட்டன. ஆயினும் மிதவைகளையும் விளக்கங்களையும் பேணுவதற்கு அத்தகைய கப்பல்கள் அங்கு இன்றும் தேவைப்படுகின்றன. விளக்கின் ஒளியைக் காணும் மாலுமி, அதற்கு எண்ணெய் சுமந்த கலத்தைக் காண்பதில்லை.

கடலிலிருந்து நிலத்திற்கு

இரும்புப் பாதை தோன்றியபோது கப்பற் சொற்கள் சில கரையேறின. 1829ஆம் ஆண்டில் ஸ்டீபன்சன் அமைத்த 'ராக்கெட்' என்னும் எஞ்சினுக்குப் பின்னால், தண்ணீர்ப் பீப்பாயும் எரிபொருளும் தாங்கிய சிறு வண்டி ஒன்று பூட்டப்பட்டது. எஞ்சினைப் பின்தொடர்ந்து அதன் தேவைகளைக் கவனித்ததால் அது டெண்டர் எனப்பட்டது. நெடுந்தூரம் ஓடும் நீராவி எஞ்சின்களுக்கெல்லாம் அத்தகைய வண்டி இன்றியமையாததாயிற்று. நீலகிரி மலை ரயிலின் எஞ்சினோ தண்ணீரையும் எரிபொருளையும் தன் உடலிலேயே சுமந்துகொள்வது. அதற்குத் தனி டெண்டர் இல்லை. குன்னூர்ப் பாதையில் சென்றோர் இதனை நேரில் கண்டிருக்கலாம்.

இதே வழியில், தீயோடு போராடும் வீரர்களுக்கு நீர் கொண்டு செல்லும் வண்டியும் வாட்டர் டெண்டர் ஆயிற்று. நமது நாட்டில் வழங்கும் ஒருவகை வாட்டர் டெண்டர் 4,500 லிட்டர் தண்ணீர் கொள்ளும். கேட்பதற்கு இது பெரிய அளவாகத் தோன்றும். சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு குழாய் நிமிடத்திற்கு 450 லிட்டர் வீதம் நீரைப் பாய்ச்சுமாயின், வண்டியிலுள்ள தண்ணீர் 10 நிமிடங்களில் தீர்ந்துவிடும். இரண்டு குழாய்கள் பாய்ச்சுமாயின் 5 நிமிடங்களே! அதற்கு மேல் அவ்வண்டி மீண்டும் நிரப்பப்பட்டாலன்றிப் பயன் தராது.

கோடைக் காலத்தில் கீற்றுக் கூரைகள் நெருங்கி நிற்கும் தெருவில் ஒரு வீடு தீப்பற்றினால், காற்று வீசும் திசையில் அடுத்தடுத்த கூரைகளும் பற்றிக்கொள்ளும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. தீயணைப்பு வண்டி விரைந்து வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தெருமுனையில் வைக்கோற்போர் வழியை அடைத்து நின்றால் என் செய்வது? குறுக்கே இழுத்துக் கட்டிய கம்பியும், சாலையில் நீட்டிக் கட்டிய திண்ணையும் வண்டியைத் தடுத்தால் என் செய்வது? அவற்றையெல்லாம் கடந்து சென்று பத்து நிமிடம் நீர் பாய்ச்சிய பின்னர், மீண்டும் நிரப்பக் கிணறும் குளமும் எங்கே என்று தேடி நின்றால் என் செய்வது? அவ்வேளையில் அது படேவியா இல்லாத சப்ளைக் கலம் போன்றதாகிவிடும்.

ஊராட்சிகள் செய்யத்தக்கவை

துணைக்கலத்தின் வரலாற்றிலிருந்து நான்கு நெறிகளை நாம் பெறலாம். அவற்றை ஊராட்சிப் பணியோடு பொருத்திக் காண்போம்.

1. பெரியது செல்ல முடியாத இடத்திற்குச் செல்லுவதே துணைக்கலத்தின் பயன். ஆகவே அது செல்லும் வழி எப்பொழுதும் திறந்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு தெருவிலும் தீயணைப்பு வண்டி நுழைந்து திரும்ப இடமுண்டா என்பதை உறுப்பினர்கள் நடந்து பார்த்துக் குறித்தல் நன்று. வழி குறுகிய இடங்களில், வண்டி எங்கு நிற்கும், அங்கிருந்து குழாய் எவ்வழியே செல்லும் என்பதை முன்னதாகவே தீயணைப்பு நிலையத்தாரைக் கலந்து முடிவு செய்யலாம்.

2. துணைக்கலத்திற்குப் பின்னால் மூலம் ஒன்று இருத்தல் வேண்டும். கோடையிலும் நீர் வற்றாத கிணறு, குளம், ஏரி, மேல்நிலைத் தொட்டி ஆகியவை எவை, அவற்றின் அருகே வண்டி செல்லப் பாதை உண்டா என்பதை ஒரு பட்டியலாக எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டி வைக்க வேண்டும். அதன் படி ஒன்றினைத் தீயணைப்பு நிலையத்திற்கும் அளித்தல் வேண்டும். உழவர்கள் தம் வயற்கிணற்று மோட்டார்களை அவ்வேளையில் உதவத் தருவதாக ஒப்புக்கொண்டால் அவற்றையும் அப்பட்டியலில் சேர்க்கலாம்.

3. தேவை தோன்றிய பின்னர்ப் புறப்படுவது துணையாகாது. கார்டியன் காலத்தில் வந்து சேராமையால் ஓர் ஊரே வருந்தியதைக் கண்டோம். கோடை தொடங்குவதற்கு முன் கூடும் ஜனவரி 26ஆம் நாள் கிராம சபையே இப்பட்டியலைப் படித்துச் சரிபார்க்க ஏற்ற நாள். தீயணைப்புக்குரிய 101, அவசர உதவிக்குரிய 112 ஆகிய எண்களைப் பள்ளிச் சிறுவர் முதல் அனைவரும் மனப்பாடமாக அறிந்திருத்தல் வேண்டும்.

4. வந்ததைப் பங்கிடும் முறை நேர்மையாக இருத்தல் வேண்டும். குடிநீர்த் தட்டுப்பாட்டின்போது லாரியில் வரும் தண்ணீரும் ஒருவகைத் துணைக்கலத்தில் வருவதே. அது முதலில் தலைவர் வீட்டு வாசலில் நிற்குமாயின், ஊரின் கடைக்கோடியில் இருக்கும் குடியிருப்புக்குச் சேரும் முன்னரே தீர்ந்துவிடும். குழாய் எட்டாத தெருவிற்கும் மேட்டுக் குடியிருப்பிற்குமே அது முதலில் செல்ல வேண்டும். தம் சொந்த மாவைப் பொதுச் சாலையில் சேர்த்த ஆளுநரின் செயலை உறுப்பினர்கள் இவ்விடத்தில் நினைவிற் கொள்வார்களாக.

ஒப்பந்தப்புள்ளி பிரிக்கும் நாளில் ஊராட்சி மன்றம் நிறைந்திருப்பதைப் பல இடங்களில் காண்கிறோம். அது வேண்டியதே. ஊரார் பணம் எவ்வழிச் செல்கின்றது என்பதைக் கவனிப்பது உறுப்பினர் கடமை. அதே அக்கறையோடு, ஊருக்குத் துணையாக வரும் வண்டிக்கு வழியும் நீரும் உண்டா என்பதைக் காணவும் அவர்கள் கூடுவார்களாயின், இரண்டு டெண்டர்களுக்கும் உரிய கவனத்தை அளித்தவர்களாவர். மக்களுக்கு வேண்டியதை அறிந்து, வேண்டிய நேரத்தில் கொண்டு சேர்ப்பதே ஊராட்சியின் பணியாகையால், ஒவ்வோர் உறுப்பினரும் தம் தெருவுக்குத் துணைக்கலமே ஆவர்.

படிப்பகங்களில் கூடிப் படிப்போருக்குச் சில வினாக்கள்

1. துணைக்கலம், லைட்டர், பண்டகக் கப்பல் ஆகிய மூன்றிற்கும் உள்ள வேறுபாடு யாது?

2. 1790ஆம் ஆண்டில் சிட்னி ஊரைக் காத்தவற்றுள் கப்பலால் வந்தது எது? ஒழுங்கினால் வந்தது எது?

3. நீர்மூழ்கிக் கப்பலைவிடப் பெரிதாக இருந்தும் 'அம்பா' துணைக்கலம் எனப்பட்டது ஏன்?

4. நமது ஊரில் தீயணைப்பு வண்டி நுழைய இயலாத தெருக்கள் எவை? அவற்றில் உள்ள தடைகளுள் நாமே அகற்றத்தக்கவை எவை?

5. 4,500 லிட்டர் தண்ணீர் தீர்ந்த பின்னர், நமது தெருவுக்கு மிக அருகில் வண்டியை நிரப்பத்தக்க நீர்நிலை எது? சித்திரை மாதத்திலும் அதில் நீர் இருக்குமா?